சிவபாதம் அவர்கள் தொடுத்த வழக்கு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் ஆபீஸ் மேசையில் போன் அடித்தது. வழக்கறிஞர் ரூத். ஹலோகூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வருகிற பெண்மணி அவர். அன்று முதலில் ஹலோ சொன்னார். பிறகு சொன்னார். வேலைக்குப் புறப்பட்ட சிவபாதம் அவர்கள் ஜெர்சி சிட்டி பஸ் நிறுத்தத்தில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மாரடைப்பு. வயது நாற்பத்தொன்பது.

அவர் யாழ்ப்பாணத்தில் நில அளவைப் பிரிவில் படம் வரைபவராக இருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ‘ஒரு சின்ன விசாரணை’ என்று கூட்டிப்போய், பதினேழு நாள் ஒரு ராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. நியூ ஜெர்சியிலிருந்த அக்கா அவரை வரவழைத்தார். இங்கே பாலங்களுக்கு வரைபடம் போடும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை அமைதியான மனிதர்.

ஒரு சனிக்கிழமை, இந்தியச் சாமான் விற்கும் கடையில் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தார். அந்த முகாமில் அவரை அடிக்கச் சொல்லி உத்தரவிட்ட அதிகாரி, மிளகாய்த்தூளின் விலையைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஏதோ பயிற்சிக்காக அமெரிக்கா வந்திருந்தாராம். சிவபாதம் அவர்கள் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்று, அந்த அதிகாரி ஏறிப்போன காரின் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டார்.

வேறு நாட்டில் நடந்த சித்திரவதைக்கும், அதைச் செய்த அதிகாரி இந்த மண்ணில் இருந்தால், இங்கேயே வழக்குப் போடலாம் என்று சில வருஷங்களுக்கு முன்புதான் ஒரு நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் சம்மன் அவர் கையிலேயே கொடுக்கப்பட வேண்டும். பயிற்சி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. சிவபாதம் அவர்கள் தேடிப்போன ரூத் இரண்டு நாளில் மனுவைத் தயாரித்தார். சம்மன் கொடுப்பவருக்கு ஆளை அடையாளம் காட்ட வேண்டும் என்று சிவபாதம் அவர்களே, கார் நம்பரை வைத்துக் கண்டுபிடித்த வீட்டுக்கு எதிரே காரில் போய் உட்கார்ந்தார். மூன்று நாள் அந்த ஆள் வெளியே வரவில்லை. நாலாம் நாள் குப்பையைப் போட வாசலுக்கு வந்தார். சம்மன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மொழிபெயர்க்கத் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டபோதுதான் நான் உள்ளே வந்தேன். சென்னையிலிருந்து வந்த புரோகிராமர் நான். சிவபாதம் அவர்களுக்கு நன்றாக இங்கிலீஷ் வரும் என்று கண்டு, “உங்களுக்கு இன்டர்பிரட்டர் எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“நான் இங்கிலீசில சொன்னா, அது வேற ஆருக்கோ நடந்த மாதிரி இருக்கு, தங்கச்சி,” என்றார்.

வழக்கு இருவர் மீது: அந்த நாட்டின் அரசு, அந்த அதிகாரி. அரசைப் பற்றிய பகுதி முதலிலேயே விழுந்தது. அந்நிய அரசை இங்கே கூண்டில் ஏற்ற முடியாது என்றது நீதிமன்றம். “அரசாங்கம் தப்பிட்டுது. மனுசன் மிச்சம் இருக்கிறார்,” என்றார் சிவபாதம் அவர்கள். அந்த மனிதரோ, தான் அந்த முகாம் கட்டடத்துக்குள் கால் வைத்ததே இல்லை என்று எழுத்தில் சத்தியம் செய்திருந்தார். ரூத்தின் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்ல, ஊருக்குப் போகாமல் இங்கே தங்க வேண்டியதாயிற்று.

நியூவார்க்கில் ரூத்தின் அலுவலகத்தில் வாக்குமூலம் பதிவாக இருந்த அன்று காலை, ஊரிலிருந்து சிவபாதம் அவர்களின் தம்பி போனில் அழைத்திருந்தார். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, “உன் அண்ணன் அமெரிக்காவில என்ன செய்யிறான்?” என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். தம்பிக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். “நிப்பாட்டண்ணை” என்று அழுதிருக்கிறார்.

சிவபாதம் அவர்கள் ரூத்திடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, படிக்கட்டில் போய் நின்றார். நானும் போனேன்.

“இன்னிக்கு வேணாம்னு சொல்லிடலாம். ரூத் புரிஞ்சுப்பாங்க,” என்றேன்.

“நான் நிப்பாட்டினா அவையள் நிப்பாட்டுவினமோ?” என்று கேட்டார். பிறகு, “வாங்கோ” என்று உள்ளே நடந்தார்.

அதிகாரி மேசைக்கு எதிரே இருந்தார். சிவபாதம் அவர்கள் இரண்டு மணி நேரம் தமிழில் சொன்னார், நான் இங்கிலீஷில் சொன்னேன். இரண்டு இடத்தில் என் குரல் நின்றுபோனது. அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தார்.

அடுத்து அதிகாரியின் முறை. அந்தக் கட்டடத்துக்குள் போனதுண்டா என்று ரூத் கேட்டார். இல்லை என்றார். சிவபாதம் அவர்கள் அளவு போட்டு வரைந்திருந்த கட்டடத்தின் படத்தை ரூத் அவர் முன் வைத்து, “இந்த இடத்தைத் தெரியுமா?” என்று கேட்டார். அதிகாரி குனிந்து பார்த்தார். சிரித்தபடி ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இது தப்பு. இந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்.”

அவருடைய வக்கீல் அவர் முழங்கையைப் பிடித்தார். அதற்குள் வாக்குமூலத்தை டைப் அடிப்பவர் அதை அடித்து முடித்திருந்தார்.

அந்தக் கதவை வேண்டுமென்றே தப்பாக வரைந்தாரா என்று பிறகு சிவபாதம் அவர்களிடம் கேட்டேன். “தப்பெண்டு தெரிஞ்சு நான் ஒரு கோடும் போட்டதில்லை. அந்தக் கதவால கொண்டுபோகேக்க கண்ணைக் கட்டியிருந்தவை, தங்கச்சி. எனக்கு அந்தக் கதவின்ர சத்தம் மட்டும்தான் தெரியும்,” என்றார்.

இரண்டு வாரத்தில் அதிகாரி நாட்டைவிட்டுப் போய்விட்டார். அவர் இல்லாமலேயே தீர்ப்பு வந்தது: சித்திரவதை எந்தப் பதவியின் கடமையும் ஆகாது, உத்தரவிட்டவரே அதற்குப் பொறுப்பு. எந்தச் சிறையும் அவருக்காகத் திறக்கவில்லை. தம்பி குடும்பத்தோடு படகேறி ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டார்: ‘உயிரோடு இருக்கிறோம். இனி எழுதாதே.’ சிவபாதம் அவர்கள் மாதா மாதம் எழுதினார். பதில் வரவில்லை. “அவன் கோவிக்கிறது நியாயம்,” என்பார். வழக்கில் ஜெயித்தீர்களே என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

கடைசி இரண்டு வருஷம், வேறு தேசங்களில் அடிபட்டு வந்தவர்களை ரூத் அவரிடம் அனுப்பிவைத்தார். மரியா என்ற ஸ்பானிஷ் பேசும் பெண்மணி, தன்னை வதைத்தவர் மீது வழக்குப் போடப் பயந்துகொண்டிருந்தார். சிவபாதம் அவர்கள் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, தம்பியின் கதையைத்தான் முதலில் சொன்னார். “அதையும் தெரிஞ்சுகொண்டு முடிவெடுங்கோ,” என்றார். மரியா ஆறு மாதம் யோசித்தார். போன மாதம் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை உடலைப் பார்க்க வந்தவர்கள் முப்பது பேர் இருப்போம். மரியா என் தோளைத் தொட்டு, உங்கள் ஊரில் போகிறவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். போய் வாருங்கள் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் சொல்வதைச் சொல்லிக் கொடுத்தேன். மரியா பெட்டிக்கு அருகே போய், அவருடைய இடது தோளில் கை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“போட்டு வாங்கோ, அண்ணை.”

எனக்கும் அதைவிட வேறு சொல் இல்லை.