அண்ணன் ஏறி மிதித்த நட்டு

ஊசி அக்கா வீடு எது என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் யாரும் கை காட்டிவிடுவார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடுகளுக்கு விடிந்ததும் போய் ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. சுருங்கிப்போன கையில் நரம்பைத் தேடிப் பிடிப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். “எப்பம்மா குத்துவே?” என்று பயந்தபடி கேட்பவரிடம், “முடிஞ்சுது, பஞ்சை அழுத்திப் பிடிங்க” என்பாள்.

இப்படிப்பட்டவளைப் போன மாதம் ஒரு நட்டு தோற்கடித்தது.

பாதி வழியில் காரின் முன்சக்கரம் பஞ்சர். உச்சி வெயில். பெட்டியில் காலையெல்லாம் எடுத்த ரத்தக் குழாய்கள். மாற்றுச் சக்கரம் இருந்தது, ஜாக்கி இருந்தது, ஸ்பேனர் இருந்தது. நட்டுதான் அசையவில்லை. தள்ளினாள், இழுத்தாள், ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்தாள். உடும்புப்பிடி. போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசனைக்கு என்ன, வாய்தானே வலிக்கும். கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர் இறங்கி வந்து நீளமான கம்பி போட்டுக் கழற்றினார். “யாரும்மா இதை இப்படி முறுக்கினது? பகையாளியா?” என்று கேட்டார்.

பகையாளி இல்லை, அண்ணன்.

பெட்டியில் பனிக்கட்டி உருகி, ரத்தம் கெட்டுவிட்டது. அத்தனை வீடுகளுக்கும் மறுநாள் திரும்பப் போனாள். அதில் இரண்டு கைகளிலும் நீலம் பாரித்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் பாட்டி ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பரிசோதனைக் கூடத்து மேலாளர் மட்டும் குறை வைக்காமல் சொன்னார்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க ஏரியாவை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

அண்ணனைப் பயில்வான் என்பார்கள். இளவயதில் எடை தூக்கியவன். இப்போது ஒரு கிடங்கில் மேற்பார்வை; தூக்குவது டீ கிளாஸ் மட்டும். ஆனால் வீட்டில் எதை முடுக்கினாலும் கடைசி முடுக்கு அவன் கையால்தான் நடக்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலைக்கூட அவன் மூடினால் அவன்தான் திறக்க வேண்டும். கார் சக்கரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி மூன்று மிதி. மூன்றாவது மிதிக்கு “ம்ம்ம்!” என்று ஒரு உறுமல். ஜாக்கியையும் எங்கே தோன்றுகிறதோ அங்கே வைப்பான். அப்படி வைத்து ஒரு தடவை கதவுக்குக் கீழே தகடு மடங்கி, அன்று முதல் அந்தக் கதவு அழுதுகொண்டுதான் திறக்கிறது.

இதையெல்லாம் பாசம் என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள். அதனால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

ஊசி அக்கா கேட்டாள். காரோடு வந்து இத்தனை வருடமாக யாரும் பிரிக்காத கையேட்டைப் பிரித்துப் படித்தாள். ஜாக்கியை எங்கே வைப்பது என்று படமே போட்டிருந்தது. நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்றும் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வாங்கி வந்தாள். தகடு மடங்காமலிருக்க ஜாக்கியின் தலைக்கு ஒரு ரப்பர் மெத்தை. ஜாக்கி நழுவினாலும் கார் கீழே விழாதபடி தாங்க ஒரு இரும்பு ஸ்டாண்டு. சக்கரம் உருளாமலிருக்க இரண்டு அணைக்கட்டைகள். கடைசியாக, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச். அளவைத் திருகி வைத்துவிட்டால் போதும். அந்த அளவு வந்ததும் கைப்பிடி ‘டிக்’ என்று சொல்லும். அதற்கு மேல் முறுக்கக் கூடாது.

பஞ்சர் ஒட்டிய சக்கரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்ப மாட்ட உட்கார்ந்தாள். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாள். கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஜாக்கியால் தூக்கினாள், ஸ்டாண்டைக் கொடுத்தாள், மாற்றுச் சக்கரத்தை இறக்கினாள், துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். பஞ்சர் ஒட்டியதை மாட்டி, நட்டுகளை முதலில் விரலாலேயே சுற்றினாள்.

பயில்வான் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்தான்.

“என்ன டாக்டரம்மா, ஆபரேஷனா? காருக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா?”

“பேசாம டீயைக் குடிண்ணே.”

“எதுக்கு இவ்வளவு சாமான்? நான் ஒருத்தன் இருக்கேன்ல?”

“நீ இருக்கறதாலதான் இவ்வளவு சாமான்.”

அம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏண்டி, கடைசியா ஒரு தடவை அவனையும் முறுக்கச் சொல்லேன். ஆம்பளைக் கை பட்டாத்தானே நிக்கும்.”

“நட்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமாம்மா?”

“உன் வாய்க்கு முன்னாடி எதுவும் நிக்காது” என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

காரை இறக்கி, ஒன்று விட்டு ஒன்றாக எதிரெதிரே ஐந்து நட்டுகளையும் முறுக்கினாள். டிக். டிக். ஐந்தும் ஒரே அளவு. இப்படி ஒரு நிம்மதியான சத்தத்தை அவள் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. ரெஞ்சைத் துணியின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவ உள்ளே போனாள்.

சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் “ம்ம்ம்!” என்றது. அடுத்து ‘டங்’ என்று ஒரு சத்தம்.

ஈரக் கையோடு ஓடி வந்தாள். டார்க் ரெஞ்சில் இரும்புக் குழாய் செருகியிருந்தது. பயில்வான் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு நட்டு, அதற்குள் பாதி போல்ட்டு.

“நான் ஒண்ணும் பண்ணல. முதல் நட்டு நல்லா உக்காந்துச்சு. ரெண்டாவதுல டிக்குனு சத்தம் வந்துச்சு. சரியா உக்காரல போலன்னு இன்னொரு மிதி மிதிச்சேன். அப்பவும் டிக்குன்னுச்சு. அப்புறம்...”

“டிக்குன்னா நிறுத்துன்னு அர்த்தம்!”

“அது யாருக்குத் தெரியும்? நிறுத்தணும்னா அது நிறுத்துன்னுல்ல சொல்லணும்.”

தலையில் அடித்துக்கொண்டாள். ஜன்னல் திறந்தது. “பாசத்துலதானடி பண்ணான். வழியில சக்கரம் கழண்டுடக் கூடாதேன்னு. அதுக்குப் போய் அவனைக் கடிக்கிறே.”

ஊசி அக்கா ஸ்பேனரை எடுத்து அண்ணன் கையில் திணித்தாள். “கழட்டு.”

“எதை?”

“நீ மிதிச்சது இன்னொண்ணு இருக்குமே, அதை. குழாய் இல்லாம. நான் ரோட்டுல நின்ன மாதிரி நின்னு கழட்டு.”

சிரித்துக்கொண்டே குனிந்தான். இரண்டாவது முயற்சியில் சிரிப்பு நின்றது. நான்காவதில் கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்பேனரின் மேல் ஏறினான். நட்டு அவனையும் மதிக்கவில்லை.

“உனக்காகத்தான் இவ்வளவு டைட்டா...” என்று மூச்சு வாங்கினான்.

“எனக்காக நீ பண்றது எதையும் என்னால பிரிக்க முடியலண்ணே. அந்த டீச்சர் பாட்டி ரெண்டாவது தடவை குத்து வாங்கினது உன் பாசத்துலதான். நாளைக்கு என் வேலை போனா அதுவும் உன் பாசத்துலதான் போகும். பாசத்துக்கும் ஒரு டிக் வேணாமா?”

அவன் குழாயை எடுத்தான். அதைப் போட்டு அவனே நட்டைத் தளர்த்தினான்.

தெருமுனை டயர் கடைக்காரர் அரை நாள் விடுமுறையும் போச்சே என்று திட்டிக்கொண்டே வந்தார். புது போல்ட்டு அடித்தார், மிதிபட்ட இன்னொன்றையும் மாற்றினார். டார்க் ரெஞ்சைத் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, “தப்பிச்சுது, அளவு மாறல” என்றார். பிறகு பழக்கதோஷத்தில், நட்டைக் காற்றின் விசையால் முடுக்கும் துப்பாக்கியை நட்டின் மேல் வைத்தார்.

“எடுங்க அதை” என்றாள்.

“நல்லா நிக்கும்மா.”

“நிக்கும். அப்புறம் நான் நிப்பேன், ரோட்டுல.”

அவர் துப்பாக்கியை இறக்கினார். அவளே முறுக்கினாள். ஐந்து டிக்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் குளிர்பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, சாதாரண ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தருகே உட்கார்ந்தாள். பல் துலக்கிக்கொண்டே வந்த பயில்வான் நுரையோடு அலறினான். “போட்டதை ஏன் கழட்டுறே? பைத்தியமா உனக்கு?”

அவள் ஸ்பேனரை நட்டில் மாட்டி, உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தினாள். ‘கிர்ர்’ என்று நட்டு சுழன்றது. தனி ஆளாக, அவள் எடைக்கே.

“கழட்ட முடியுதான்னு பாத்தேன்” என்றாள்.

டார்க் ரெஞ்சை எடுத்து மறுபடி முறுக்கினாள். டிக் என்றது. பயில்வானின் கால் தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கால் பின்னால் போனது.

சாமான்களை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, முதல் வீடான டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினாள்.