துறைமுகம் வேண்டும் என்று அவள் பேசிய நாள்

அவள் எங்கள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். அதுவரை பேச்சுப்போட்டி என்றால் நான் மட்டும்தான். தோவாளையில் அப்பாவின் பூக்கடைக்கு வருகிறவர்கள் என் கோப்பைக் கதையைக் கேட்காமல் பூ வாங்கிப் போக முடியாது. இவள் கடற்கரைக்காரி. இரண்டு பஸ் மாறி வந்தும் எனக்கு முன்னால் நூலகத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருடம் ஜெயிப்பவருக்குச் சென்னையில் மாநிலப் போட்டி. நம் கடற்கரைக்குப் பெரிய துறைமுகம் வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. யாருக்கு எந்தக் கட்சி என்பது மேடையில் சீட்டு எடுக்கும்போதுதான் தெரியும். நான் சென்னைக்கென்று சுடிதாரே தைத்து வைத்துவிட்டேன்.

கல்லூரி சந்தா கட்டிய டேட்டாபேஸ் ஒன்று நூலகக் கணினியில் உண்டு. தலைப்பைத் தட்டினால் ஆதரித்து எழுதியவை ஒரு பக்கம், எதிர்த்து எழுதியவை ஒரு பக்கம் வந்து நிற்கும். நான் எதிர்ப்பை மட்டும் படித்தேன். கைதட்டு அங்கேதான் கிடைக்கும். அவள் இரண்டையும் படித்தாள், அதிலும் ஆதரவைத்தான் விழுந்து விழுந்து படித்தாள். இத்தனைக்கும் துறைமுகம் வந்தால் போகிற வீடுகளில் அவள் வீடும் ஒன்று.

"ஏட்டி, ஒன் வீட்ட இடிக்கணும்னு எழுதினவன் கட்டுரையையா பிரிண்ட் எடுக்கே?" என்று கேட்டேன்.

"படிச்சுப் பாக்கேன் மக்கா," என்றாள். அந்த நிதானத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போட்டியன்று காலையில் சாமி கும்பிடும்போது எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு 'வேண்டும்' சீட்டு விழணும், மேடையில் தொண்டை அடைக்கணும் என்று கேட்டேன். சாமி பாதியைக் கொடுத்தார். சீட்டு விழுந்தது, தொண்டை அடைக்கவில்லை.

முதலில் அவள்தான் பேசினாள். "அடுத்து வரும் என் தோழி, கரையை அலை அரிக்கும் என்பாள், மீன் விலகிப் போகும் என்பாள், வீடுகள் போகும் என்பாள்" என்று நான் வைத்திருந்ததையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதிலும் சொன்னாள். வீடு என்ற இடத்தில் மட்டும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். மைக் முன்னால் போய் நான் என்னத்தைச் சொல்ல? அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கினேன். சென்னைக்கு அவள் போவதென்று ஆயிற்று. சுடிதார் பீரோவுக்குப் போனது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கேட்டே விட்டேன். "நீ பேசினத நீயே நம்புதியா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்குட்டி அப்பிடிப் படிச்ச?"

"வீட்ட எடுக்க வாறவன் இதத்தான் சொல்லுவான். அன்னைக்கு எங்க அப்பா வாயடைச்சுப் போயி நிக்கக் கூடாதுல்லா. நான் பதில் சொல்லாண்டாமா?"

அவள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். விழுந்து விழுந்து படிக்க எனக்கு அப்படி ஒரு காரணம் இல்லையே என்று அங்கேயே நின்று வயிறு எரிந்தேன். இடிபடப் போகிற வீட்டைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.