லாபம் சொல்லாத அறுவடை

காலை ஆறரைக்குச் சிதம்பரத்தில் கடலூர் பேருந்து ஏறினேன். ஒரு அறுவடையைப் பார்க்கப் போகிறேன்; புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி இறங்க வேண்டும். நான் போகும் நிலத்தைச் சொன்னதும் நடத்துநர், "கடுகு போட்ட நெலமா? அங்க ஒரு எலயக்கூட கிள்ள வுடமாட்டாங்க சார்," என்றார். சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

எட்டு மணிக்கு, நிலத்தை மூடியிருந்த வலைக்கூண்டின் வாசலில் ஸ்டெல்லா நின்றிருந்தார். நிலம் அவருடையது. பக்கத்தில் மூடிப்போன முலாம் பட்டறையின் கழிவுநீரால் மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறிவிட்டது. விளைந்த நெல் சாப்பிட ஆகாது என்று பரிசோதனையில் தெரிந்ததும் நடவை நிறுத்திவிட்டு ரேஷன் அரிசி பொங்குகிறார். மறுபடி நெல் நட முடியுமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

கடுகு தளதளவென்று நின்றது. கடைந்து சாப்பிடலாம் போலிருக்கிறதே என்று அசட்டுத்தனமாகச் சொல்லி வைத்தேன்.

"வேர் வழியா காட்மியத்த இழுத்து எலையில சேத்து வெச்சிக்கும் சார். அதுக்குன்னே மரபணு மாத்துன செடி," என்றாள் ஆராய்ச்சி மாணவி கிருத்திகா. மகரந்தம் வெளியே போகக்கூடாது என்பதால் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுகிறார்கள்.

பத்து மணிக்குள் எல்லாவற்றையும் பிடுங்கி மூட்டை கட்டியாயிற்று. ஸ்டெல்லா கையுறையோடு முதல் மூட்டையைத் தூக்கி, "லாபம்," என்றார்.

நெல் மூட்டையை எண்ணும்போது முதலாவதை யாரும் ஒன்று என்பதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். அந்தப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. மூட்டையை அப்படியே கீழே வைத்தார்.

"வெஷத்துக்குப் போயி அந்த வார்த்தய சொல்லிட்டேனே."

"மண்ண வுட்டுப் போற வெஷம்தானக்கா? லாபம்னே சொல்லுங்க," என்றாள் கிருத்திகா.

"ஒனக்கு லாபம்மா. எனக்கு நெல்லு வரணும். அடுத்த வருசம் நடலாமா?"

கிருத்திகா தலைகுனிந்தாள். "தெரியலக்கா. எத்தன போகம் ஆவும்னு மண்ண திரும்பப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

பொய் சொல்லாத அவள்மேல் மதிப்பு வந்தது. ஆனாலும் அங்கே நிற்கச் சங்கடமாக இருந்தது. ஸ்டெல்லா மூட்டையை மறுபடி தூக்கினார். "ஒண்ணு," என்றார்.

பாதுகாப்பாக எரிப்பதற்காக மூட்டைகளை வண்டியில் ஏற்றிப் பூட்டினார்கள். நான் சிதம்பரம் திரும்பி, அங்கிருந்து ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

மாலையில் கும்பகோணத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் தெரு அரிசிக்கடையில் லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முதல் மூட்டையைத் தோளில் வாங்கியவர், பக்கத்து ஆளோடு ஏதோ பேசிக்கொண்டே, "லாபம்," என்று சொல்லிவிட்டுப் போனார். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். அன்றைக்கு நின்று, கடைசி மூட்டை வரை எண்ணுவதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.