தேசம்மா வீட்டு மாடி விளக்கு

பாலவாக்கம் குப்பத்தில் மீன் விற்கும் எங்கள் தேசம்மாவுக்கு வாய்தான் பெரிசு. உள்ளுக்குள் சுத்தப் பயந்தாங்கொள்ளி. மகன் ஆரோக்கியராஜுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், "மாடில தனி ரூம் எழுப்புங்க, அப்பால தேதி குறிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றோடு அவள் தூக்கம் போயிற்று.

ஏனென்றால் எங்கள் தெருவில் மாடி கட்டக் கூடாது. மாதா கோயில் விளக்கு கடலில் இருப்பவர்களுக்கு மறையக் கூடாதென்று, மனை பிரித்து விற்ற புண்ணியவான் எல்லார் பத்திரத்திலும் அப்படி எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஆண்கள் அந்த விளக்கைப் பார்த்துத்தான் கரை பிடித்தார்கள். இன்றைக்குப் படகுக்குப் படகு ஜிபிஎஸ். ஆனாலும் எழுத்து எழுத்துதானே! "தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு நிபந்தனைய ரத்து பண்ணணும். இல்லாம கட்டினா, எவனாவது கேஸ் போட்டு இடிச்சிடுவான்" என்றார் வக்கீல்.

எல்லாரும் போட்டோம். மேகலா மட்டும் போடவில்லை.

அவள் மகன் டில்லிபாபு புயலில் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. தேசம்மா தினமும் அவள் வாசலுக்கு நடந்தாள். பெண் வீட்டு போன் அடித்தாலே தேசம்மா அதை முந்தானைக்குள் ஒளிப்பாள். மீன் வெட்டும்போது விரலை வெட்டிக்கொள்வாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இன்னா மேகலா, ஊரே போட்டாச்சு, உனக்கு இன்னா வந்துச்சு?" என்று நானே கத்தினேன்.

"எம்புள்ள வந்தா எதப் பாத்துக் கரையேறுவான்?" என்றாள் மேகலா.

தேசம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அதற்கப்புறம் கையெழுத்தே கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் மேகலா தானே வந்தாள். "போடுறேன். ஆனா உம்மாடி மேல ஒரு வெளக்கு எரியணும். அணைஞ்சுதுன்னா உன்ன உடமாட்டேன்."

"மாதா மேல சத்தியம்க்கா!"

மாடி எழுந்தது, விளக்கும் எரிந்தது. பயந்தாங்கொள்ளிக்குப் புதுப் பயம் பிடித்தது. மேகம் கறுத்தால் போதும், கரண்ட் போய்விடுமோ என்று சந்தையிலிருந்து பாதி மீனோடு ஓடி வருவாள்.

கல்யாணத்தன்று சாயங்காலம் விருந்து நடக்கும்போது பட்டென்று கரண்ட் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மாவைக் காணோம். சம்பந்தி வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். திட்டிக்கொண்டே மாடி ஏறினேன்.

பட்டுப்புடவையோடு, செல்போன் டார்ச்சைக் கடல் பக்கம் தூக்கிப் பிடித்து நின்றாள் தேசம்மா. பக்கத்தில் மேகலா.

"சம்பந்திங்க தேடிக்கினு கீறாங்க, கீழ போடி" என்று மேகலா அவள் கையை இழுத்தாள்.

தேசம்மா கையைத் தாழ்த்தவில்லை. "இரு அக்கா. இப்பப் பாத்து வந்துட்டான்னா?"