தக்காளிக்கு ஜாக்கெட் தைத்த ரஷீத் பாய்

நம் நகரின் அணில் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. மூன்றாம் குறுக்குத் தெரு, ஆறாம் எண் வீட்டுப் பின்பக்கத் தக்காளிப் பாத்திக்கு இதுவரை இருந்துவந்த காவல், கடந்த வெள்ளிக்கிழமை முதல் விலக்கிக்கொள்ளப்படுகிறது. தாங்கள் குடும்பத்தோடு வந்து போகலாம்.

காவல்காரர் காலமாகிவிட்டார். அன்று காலை டியூஷன் முடித்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் டெய்லர் அப்துல் ரஷீத் மௌத் என்று அறிவித்தார்கள். இந்தத் தாம்பரத்தில் எத்தனை டெய்லர் ரஷீத் இருக்கக்கூடும் என்று யோசித்தபடியே மிதித்தேன். ஆறாம் எண் வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்புகளைப் பார்த்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

"பக்கத்து வூட்டுக்காரன் நீதான், சங்கத்து மடலுக்கு நீயே எழுதிக் குடு. வாலைச் சுருட்டி வெச்சுக்கினு எழுது" என்றார் நம் நகர் நலச் சங்கச் செயலாளர் சார். அணில் விஷயத்தில் வாலைச் சுருட்டுவது கடினம். முயல்கிறேன்.

மார்க்கெட் சந்தில் அவர் கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்காத வீடு நம் நகரில் இல்லை. கடையில் அவ்வளவு பேசமாட்டார். பின்பக்கம் தக்காளிப் பாத்திக்கு வந்தால்தான் வாய் திறக்கும். ஐப்பசி மழை விட்டதும் நாற்று நடுவார். மார்கழியில் காய் பிடிக்கும். காய் சிவப்பதற்கு முதல் நாள், சொல்லிவைத்தாற்போல், அணில் வரும். "அணிலுக்குப் பசிச்சா துன்னட்டும்டா, யார் வேணான்னா? இது ஒண்ணுல ஒரு கடி, அடுத்ததுல ஒரு கடி. இது பசியில்ல, திமிரு" என்பார்.

அதற்கு அவர் கண்ட வழி அவர் தொழிலில் இருந்தே வந்தது. தக்காளிக்கெல்லாம் உடுப்பு தைத்தார். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியில் சின்னச் சின்னப் பைகள், வாயில் நாடா. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் காய்க்குச் சுற்றளவு பார்ப்பார். "வளர்ற புள்ள, கொஞ்சம் லூசா இருக்கணும்" என்பார். ஒரு வாரத்தில் செடி முழுக்கப் பட்டும் பாலியஸ்டருமாக, கல்யாணத்துக்குக் கிளம்பியது போல நின்றது. அணில்கள் பையைக் கடித்து எடுத்துக்கொண்டு போயின. மதில்மேல் ஓர் அணில் பச்சை சாட்டினோடு ஓடியதை நானே பார்த்தேன்.

இதில் அணிலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. எதிர்வீட்டு வசந்தா டீச்சர் தயிர் உறைக்கு வந்தவர், பாத்தியைப் பார்த்துவிட்டார்.

"பாய், அந்த மயில்கழுத்துக் கலர் என் பட்டுதானே? கை வைக்கத் துணி பத்தலைன்னு சொன்னீங்களே?"

"பத்தலதான் டீச்சர். உங்களுக்குப் பத்தல, அதுக்குப் பத்திச்சு."

டீச்சர் சிரித்துவிட்டார். பாயின் மனைவி ஜமீலா ஆன்ட்டி சிரிக்கவில்லை. இரண்டு வருடமாகச் சட்டிக்கு ஒரு தக்காளி வரவில்லை, ஊர்ப் பேச்சு மட்டும் வருகிறது என்றார். "பொங்கல் முடியறதுக்குள்ள ஒரு ரசத்துக்காவது பழம் வந்தா பாத்தி இருக்கட்டும். இல்லாட்டி கொத்தனாரைக் கூப்ட்டு சிமெண்ட் போட்டுடுவேன். எனக்குத் துணி துவைக்க இடமில்ல." அன்று மாலை பாய் மண்ணைக் கொத்தவில்லை. பாத்தி ஓரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அடியேன் களத்தில் இறங்கினேன். பழைய சி.டி.க்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். அறுந்த கேசட் நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்தேன். மிளகாய்த் தண்ணீர் தெளித்ததில் தும்மியது நான் மட்டும்தான் என்றாலும், மூன்றாம் நாள் அணில் வரத்து நின்றது. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை, கொத்தனார் வாசலில் சைக்கிளை நிறுத்தும் நேரம், செடியில் ஏழு பழம் சிவந்து நின்றன. கொத்தனார் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்று முதல் நம் நகரில் எனக்கு "அணில் இன்ஸ்பெக்டர்" என்று பெயர். ஒரு வருடமாக அந்தப் பெயரை வைத்து நான் அடித்த பந்தா உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். அணில் வராததற்குக் காரணம் சி.டி. அல்ல, தின்ன எதுவும் மிச்சமில்லாததுதான். அந்த ஏழு பழமும் மார்க்கெட்டில் நான் வாங்கியவை. விடிவதற்குள் மதில் ஏறிக் குதித்து, காம்போடு காம்பு வைத்து நூலால் கட்டினேன். பாய் நட்டிருந்தது நாட்டுச் செடி, பழம் தட்டையாக, மடிப்பு மடிப்பாக வரும். நான் கட்டியது முட்டை முட்டையாக வழுவழுப்பான பெங்களூர்த் தக்காளி. அவசரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பாய் செடியருகே போய்விட்டார். குனிந்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு முதுகால் மறைத்துக்கொண்டு, ஏழு முடிச்சையும் பல்லால் கடித்து அறுத்து, நூலைச் சட்டைப் பையில் போட்டார். அடுப்படிப் பக்கமே போகாதவர், அன்று தானே நறுக்கித் தருகிறேன் என்று அடம் பிடித்தார்.

மாலையில் கடைக்குக் கூப்பிட்டார். "நாட்டுச் செடியில பெங்களூர் காய்க்கிற ஊரு தாம்பரம் ஒண்ணுதான்டா. முடிச்சையும் பாத்தேன். எங்கிட்ட மட்டும் வேலை கேட்டு வந்துடாத." அதோடு தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அவர் இருந்தவரை அந்தப் பொய்யில் என் பங்கு பாதிதான். இப்போது அவருடைய பாதியும் என்னிடம் வந்துவிட்டது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், தனியாகத் தூக்கக் கொஞ்சம் கனமாக இருக்கிறது. ஆன்ட்டி, மன்னித்துவிடுங்கள். கொத்தனாரைக் கூப்பிடுவதானால் ஒரு மாதம் பொறுத்துக் கூப்பிடுங்கள். இந்த மழைக்குப் பிறகு பாய் நட்ட செடியில் இப்போதுதான் பிஞ்சு விட்டிருக்கிறது. அணிலை எப்படி விரட்டுவது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.