அரைக்கம்பக் கொடியும் என் சான்றிதழும்

இன்று காலை விழுப்புரத்தில் எங்கள் அலுவலக வாசலில் இருந்தவர்கள்: காவலாளி, கண்டாச்சிபுரத்திலிருந்து மனுவோடு வந்த ஒரு தகப்பன், அவர் மகள். இல்லாதவர்கள்: அலுவலர்கள் அத்தனை பேரும். முன்னாள் தலைவர் ஒருவரின் மறைவுக்காக விடுமுறை. நேற்று மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் போன என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அந்தப் பெண் மார்போடு அணைத்திருந்த துணிக்கடைக் கவரைப் பார்த்ததும் எனக்குத் திண்டிவனம் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அங்கே அப்படி ஒரு கவர்தான் என்னுடையதும். உள்ளே முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான விண்ணப்பம். மறுநாள் காலை கல்லூரியில் சான்றிதழைக் கொடுத்தால்தான் கட்டணச் சலுகை. தாசில்தார் கையெழுத்து மட்டும் பாக்கி. எங்கள் வீட்டில் படித்தவர் யாருமில்லை என்பதற்கு அப்பாவின் கைநாட்டே போதாதா என்று வழியெல்லாம் வாதாடினேன். அவ்வளவு பெரிய வக்கீல் நான்.

அப்பா கரும்பு வெட்டுக்குப் போகாமல் கூட வந்தார். தாலுகா அலுவலகத்தில் பூட்டு. கொடி பாதிக் கம்பத்தில்.

"தலைவரு விடியக்காலைல பூட்டாருப்பா" என்றார் வாட்ச்மேன்.

எனக்கு அழுகை வந்தது, கையெழுத்துக்காக. அப்பாவுக்கும் வந்தது, தலைவருக்காக. எங்கள் காலனிக்கு மின்கம்பம் வந்தது அந்தத் தலைவர் காலத்தில். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கொடியைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு கையெழுத்து போட எவ்ளோ நேரம்ப்பா ஆவும்?" என்றேன் எரிச்சலாக.

"சாவு வூட்டுல ஒல வைப்பாங்களாடா? சும்மா வா."

பேருந்துகள் நின்றுவிட்டன. கடைகள் அடைப்பு. புளியமரத்தடியில் ஒரு முடிதிருத்துபவர் மட்டும் நாற்காலி போட்டிருந்தார். அப்பா தலைவருக்காக மொட்டை போட்டுக்கொண்டார். பிறகு நடந்தோம். அம்மா கட்டிக்கொடுத்த அவித்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, உரித்து உரித்து என் கையில் போட்டுக்கொண்டே வந்தார். அத்தனை கோபத்திலும் நான் தின்பதை மட்டும் நிறுத்தவில்லை. முன்னால் மொட்டைத்தலை வெயிலில் மினுங்கியது. அவரோடு அவ்வளவு நேரம் தனியாக இருந்தது அன்று ஒருநாள்தான். அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

கையெழுத்து கிடைத்தபோது கல்லூரியிலிருந்து சலுகைப் பட்டியல் போய்விட்டிருந்தது. கட்டணம் கட்டச் சினைப்பசுவை விற்றோம்.

இப்போது விடுமுறை என்றதும் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் ஒன்று வருகிறது. அடுத்து, மட்டன் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்ற கேள்வி. இன்று அந்தத் தகப்பனிடம் மனுவை நானே வாங்கிவைத்துக்கொண்டேன். இறந்தது யாரென்று அவர் கேட்கவில்லை. பஸ் ஓடுதா என்று மட்டும் கேட்டார். துண்டை அவிழ்த்துக் கொடி முன் நிற்க அப்பாவும் இல்லை. அவர் போய் நான்கு வருடமாகிறது.

அந்த நாளால் எங்களுக்கு ஆன செலவு: சலுகை போனதில் இருபதாயிரம், மொட்டைக்கு அறுபது. அந்த அறுபதைச் செலவென்று சொல்ல அப்பா கடைசிவரை விடவில்லை.