ஓடிப்போன என் பேஸ்போல் அணி

ஒரு பேஸ்போல் அணியின் முதலாளியை நான் வெறுக்கிறேன். அந்த மனுசனை நேரில் கண்டதில்லை. நான் உயிரோடு இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனாலும் ஒஸ்லோவில் இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்யும் ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பிளை ஒருத்தி, அவன் தோற்கவேண்டும் என்று ஒவ்வொரு கோடையும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னர் அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது. அவ தனிய இருக்கிறவ. நான் லீவு எடுத்துக்கொண்டு போய் ஆறு கிழமை நின்றேன். அவவால் கனநேரம் இருக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது. பகலில் தொலைக்காட்சியில் அந்த நகரத்து அணியின் ஆட்டம் போகும். முதல் கிழமை எங்களுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஒருவன் எறிகிறான், ஒருவன் தடியோடு நிற்கிறான், அடிக்காமலே திரும்பிப் போய் உட்காருகிறான். மூன்றாம் கிழமை அக்கா முதுகு வலியை மறந்து கத்தினா: "வெளியாலை போற பந்தை ஏனடா அடிக்கப் போனனீ?" அன்றைக்கு இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம்.

நான் திரும்புவதற்கு முன் அவவைக் கைத்தடியோடு மைதானத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். பாதிக் கதிரைகள் வெறுமை. எங்கள் அணி படுமோசமாக அடிவாங்கியது. நாங்கள் தமிழில் வாய்க்கு வந்தபடி பேசினோம். முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பி, இது என்ன மொழி என்று கேட்டார். சொன்னோம். நிறுத்த வேண்டாம், தொடர்ந்து திட்டுங்கள், தன்னுடைய மொழியில் எல்லாவற்றையும் திட்டி முடித்துவிட்டதாகச் சொன்னார்.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு அதை விடமுடியவில்லை. அவர்களுடைய இரவு ஆட்டம் எங்களுக்கு விடியப்புறம். அதனால் அடுத்தநாள் வேலை முடிந்து ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் இருக்கும் வீட்டுக்கு வந்து, சோற்றுக் கோப்பையோடு இருந்து பதிவைப் பார்ப்பேன். அதுவரை ஆரும் முடிவைச் சொல்லிவிடக்கூடாது என்று பஸ்ஸில் கைபேசியைக்கூடத் திறப்பதில்லை. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருத்தி, இது நாங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாடுகிற பிரென்போல் தானே, சின்னப்பிள்ளைகளின் விளையாட்டு என்றாள். ஒவ்வொரு வருசமும் அதையே சொல்வாள், முதல்தடவை சொல்வதுபோல. என் மனுசனோ கிரிக்கெட் பைத்தியம். "கிரிக்கெட் விளையாடத் தெரியாதவங்கள் கண்டுபிடிச்சது உது," என்பார்.

இவர்களைப் பொறுத்துக்கொண்டேன். அணியைத்தான் பொறுக்க முடியவில்லை. நல்லாக எறிகிற ஒருவன் வந்தால் இரண்டு வருசத்தில் அவனை விற்றுவிடுவார்கள். நல்லாக அடிக்கிறவனும் அப்படித்தான். கதிரை உடைந்தால் திருத்தமாட்டார்கள். சனம் வராது. சனம் வரவில்லை என்று முதலாளி பேட்டி கொடுப்பான். கடைசியில் வேறொரு நகரம் புது மைதானம் கட்டித்தரச் சம்மதித்ததும், அணியை அப்படியே தூக்கிக்கொண்டு போனான். பெயரையும் மாற்றினான்.

பழைய நகரத்தில் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே மத்தியானம், எங்களுக்கு இரவு. அன்றைக்கு மட்டும் மைதானம் நிறைந்திருந்தது. வயதான ஆண்கள் குழந்தைகள்போல அழுதார்கள். ஆட்டம் முடிந்ததும் என் மனுசன், "அப்பாடா, ஒருமாதிரி முடிஞ்சுது. இனியாவது நீர் மனுசரோடை கதைப்பீர்," என்றார். அவருடைய கிரிக்கெட்டைப் பற்றியும் அதைப் பார்க்கிற அவருடைய சிநேகிதர்களைப் பற்றியும் நான் சொன்னவற்றை இங்கே எழுத ஏலாது. நாலு நாள் வீட்டில் கதை பேச்சில்லை.

அடுத்த வசந்தத்தில் அக்காவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"என்ன பாக்கிறீங்கள்?"

"எங்கட பெடியளைத்தான்."

"எங்கட பெடியளோ? உங்களை விட்டிட்டு ஓடினவங்களை இன்னும் பாக்கிறீங்களோ?"

"முதலாளி செய்ததுக்குப் பெடியள் என்ன செய்வாங்கள்? நாங்களும் ஊரை விட்டிட்டு வந்தனாங்கள்தானே."

எனக்குத் தலைக்கேறியது. "எங்களை ஊரிலையிருந்து குண்டு போட்டுக் கலைச்சது. அவனை ஆர் கலைச்சது? காசுக்கு ஓடினவனையும் எங்களையும் ஒண்டாக் கதைக்காதேங்கோ," என்று வைத்துவிட்டேன்.

அதன் பிறகு அக்காவுக்கு நான் எடுக்கவில்லை. அவவும் எடுக்கவில்லை. ஆனால் ஆட்டங்களை நானும் பார்த்தேன், எதிரணிக்காக. எதிரே ஆர் நின்றாலும் அன்றைக்கு அதுதான் என் அணி. ஓடினவர்கள் தோற்கிற ஆட்டத்தை இரண்டுதரம் பார்ப்பேன். முன்னர் ஆசையோடு பார்த்ததைவிட இப்போது கூர்ந்து பார்த்தேன் என்பதுதான் உண்மை.

ஒருநாள் அவர்களுக்குப் படுதோல்வி. நடுவில், அவர்களுக்காக எறிந்துகொண்டிருந்த பெடியன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். நான் கைதட்டினேன். என் மனுசன் குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தத் தோல்வியை ஆருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது. சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். மூன்று மாதத்துக்குப் பிறகு எடுத்தேன்.

"பாத்தனீங்களோ?"

"பாத்தனான். உனக்குச் சந்தோசமோ?"

"ஓம்."

"அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சுக்கொண்டு போனதும் சந்தோசமோ? அவன் உனக்கு என்ன செய்தவன்?"

அந்தப் பெடியன் பழைய நகரத்தில் முதன்முதலாக எறிந்தபோது, அக்காவும் நானும் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே பார்த்தோம். "கை தட்டினது பிழைதான்," என்றேன். "ஆனா முதலாளிக்கு மன்னிப்பு இல்லை."

"உன்னட்டை ஆர் கேட்டது?" என்றா அக்கா.

போன ஆனி மாதம் அவ ஒஸ்லோவுக்கு வந்து மூன்று கிழமை நின்றா. ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் அந்த அணியின் ஆட்டம். ஒரே சோபாவில் அவ ஒரு பக்கம், நான் மறுபக்கம். மனுசன் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்க வேண்டியிராதபோதும் பக்கத்து ஊரான ஸ்ட்ரோம்மனுக்குக் கடைக்கு வெளிக்கிட்டார். கடைசி இன்னிங்ஸ்வரை எதிரணிதான் முன்னுக்கு நின்றது. பிறகு அக்காவின் பெடியளில் புதியவன் ஒருவன் வந்து பந்தைக் கூட்டத்துக்குள் அடித்தான். அவர்கள் வென்றார்கள். அக்கா கையை மட்டும் மெதுவாகத் தட்டினா.

"தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டா.

"எனக்கு வேண்டாம்," என்றேன். உண்மையில் எனக்கு நல்ல தாகம்.